வண்டிப் பரீட்சகர்

பழைய கார் ஒன்றை வாங்குவதென்று ஒருவன் தீர்மானித்துவிட்டால், பணத்தைத் தேடுவதற்கு முன்பே அவன் தேடிப் பிடிக்க வேண்டிய பிரகிருதி ஒன்று உண்டு. அந்த ஆசாமிக்கு மெக்கானிக் என்ற பட்டம் கிடையாது, பட்டறை கிடையாது, விரல் நகத்தில் கிரீஸ் படிந்ததாகச் சரித்திரமும் கிடையாது. மளிகைக் கடையோ, லாட்ஜ் நிர்வாகமோ, அரசாங்க உத்தியோகமோ அவருடைய ஜீவனோபாயமாக இருக்கலாம். ஆயினும் சுற்றுவட்டாரத்தில் எந்த வண்டி கைமாறுவதானாலும் வாங்குகிறவரின் பக்கத்தில் அவர் நின்றாக வேண்டும். நின்று ஒருமுறை "ம்" என்று சொல்லியாக வேண்டும். அந்த "ம்" எந்த ஸ்தாயியில் புறப்படுகிறது என்பதைப் பொறுத்து விலையில் பத்தாயிரம் ரூபாய் ஏறவும் இறங்கவும் கூடுமாதலால், விற்கிறவர் தம் வண்டியைப் பார்ப்பதை விட்டு அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இவருடைய வம்சாவளி மோட்டார் யுகத்துக்கு வெகுகாலம் முந்தியது. மணப்பாறையில் மாட்டுச் சந்தை கூடும்போது, துண்டுக்கடியில் விரல்களைப் பற்றி விலை பேசும் தரகருக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, காளையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து அதன் வயதையும், நெற்றியிலும் முதுகிலுமுள்ள சுழிகளைப் பார்த்து அதை வாங்குபவனின் குடும்ப பவிஷ்யத்தையும் சொல்லிவந்தாரே ஒரு கிழவனார், அவருடைய நேர் வாரிசு இவர். பல்லின் ஸ்தானத்துக்கு டயர் வந்தது. சுழியின் ஸ்தானத்துக்குப் பட்டி பார்த்த இடம் வந்தது. மற்றபடி சாஸ்திரத்தில் மாறுதல் ஒன்றுமில்லை. அந்தக் கிழவனாரும் சொந்தமாக மாடு வைத்துக்கொண்டதில்லை.

தமிழ்நாட்டில் இந்த ஜாதியினர் தெருவுக்கு ஒருவர் உண்டாகையால் அவர்களைப் பற்றிப் பிரஸ்தாபிப்பதில் விசேஷமில்லை. நான் சொல்ல வந்தது ஹேவ்லாக் தீவுப் பரீட்சகரை. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலத் தளபதி ஒருவரின் பெயரைச் சுமந்திருந்த அந்த அந்தமான் தீவுக்கு 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்று நாமகரணம் நடந்தது. ஆனால் அங்கே கார் விற்பவர்களும் வாங்குபவர்களும் இன்னும் ஹேவ்லாக்கிலேயே விற்று வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியேற்றிய ஊர்கள் அந்தத் தீவிலுள்ளவை. கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்று கிருஷ்ண பக்தி ததும்பும் பெயர்கள் இருந்தும், 3-ஆம் நம்பர், 5-ஆம் நம்பர், 7-ஆம் நம்பர் என்றே ஜனங்கள் சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி 100-க்கு 15 பேர். அவர்களில் ஒருவராகிய நம் பரீட்சகர், சென்னைப் புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட வண்டிகளின் உதிரிபாகங்களுக்கு நடுவே யௌவனத்தைக் கழித்துவிட்டு, பிற்பாடு கப்பலேறி வந்து, 3-ஆம் நம்பர் கடைவீதியில் அரிசி பருப்பு விற்கிறார்.

பரீட்சைக்கு முதல் நாள் இரவே அவரிடமிருந்து ஆக்ஞை பிறந்துவிடும்: "நான் வர்றவரைக்கும் வண்டிய யாரும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது." மறுநாள் காலையில் வந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடு தட்டுப்பட்டால் போயிற்று. "தாதா, விடியறதுக்குள்ளயே வெந்நீர் போட்டு வெச்சிட்டீங்களா?" என்று வங்காளத்து உரிமையாளரை அந்தமான் ஹிந்தியில் விசாரிப்பார். ஆறிக் கிடக்கும் இன்ஜின் கிளம்புவதற்குப் படும் பாட்டை, ஒருமுறை ஓடிச் சூடேறிய இன்ஜின் மறைத்துவிடும் என்பது சாஸ்திரத்தின் முதல் சூத்திரம். அதற்கப்புறம் சைலன்சர் பக்கம் குந்தி உட்கார்ந்து முதற்புகையைத் தரிசிப்பார். நீலப் புகையானால் ஆயில் எரிகிறது. கரும்புகையானால் எரிபொருள் மிதமிஞ்சிப் போகிறது. வெண்புகை விடாமல் வந்தால் ரேடியேட்டர்த் தண்ணீர் இன்ஜினுக்குள் வழி கண்டுபிடித்துவிட்டது. காலைப் பனியில் கொஞ்சநேரம் வரும் வெறும் நீராவியைக் கண்டு மிரள்கிறவர்கள் கற்றுக்குட்டிகள் என்பது அவர் அபிப்பிராயம். அவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

புறப்படுவதற்குமுன் இன்னொரு சடங்கு உண்டு. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாவது கியரில் போட்டு, கிளட்சை மெள்ள மெள்ள விடச் சொல்லுவார். நல்ல வண்டியானால் இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட்டின் ஆயுள் அணைந்துவிட்டதென்று அர்த்தம். விற்கிறவர்கள் இந்தத் தருணத்தில் பாட்டைச் சத்தமாக வைப்பது லோக சம்பிரதாயம். பரீட்சகர் கையை நீட்டி ரேடியோவை நிறுத்துவார், பிறகு ஏ.சி.யை நிறுத்துவார், அப்புறம், பேசிக்கொண்டே இருக்கிற வாங்கும் ஆசாமியையும் நிறுத்துவார்.

வண்டி கிளம்பியதும் அவர் முன் ஸீட்டில் உட்காரமாட்டார். பின் ஸீட்டில் சாய்ந்து கண்களை மூடிக்கொள்வார். ஒவ்வொரு வேகத்தடையிலும் எந்த மூலையிலிருந்து "டொக்" என்ற சப்தம் எழுகிறது, சக்கரம் சுழலச் சுழல வளரும் ரீங்காரம் பேரிங்கினுடையதா, டயரினுடையதா என்பதை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். சில சமயம் குறட்டை கேட்பதும் உண்டு. அதைப் பற்றி ஆட்சேபித்த ஒரு டாக்ஸிக்காரரிடம், "வலது முன்சக்கரம்" என்று கண்ணைத் திறவாமலே சொன்னாராம். கழற்றிப் பார்த்ததில் வலது முன்சக்கரம்தானாம்.

பிரதான பூமியின் சாஸ்திரப்படி, நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போய் ஸ்டியரிங் உதறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹேவ்லாக்கில் அந்த வேகத்தை அடைய விரும்புகிறவன், வாடகை ஸ்கூட்டரில் கடலைப் பார்த்துக்கொண்டே வரும் புதுமணத் தம்பதிகள், தூங்கும் நாய்கள், சாலையைத் தங்கள் பட்டா நிலமாகப் பாவிக்கும் பசுக்கள் ஆகியோரைக் கடந்தாக வேண்டும். கடைவீதி முக்கில் சாலை இரண்டாகப் பிரிந்து, ஒன்று கிழக்குக் கரையோரமாகக் காலாபத்தர் வரை போய் நின்றுவிடுகிறது. மற்றொன்று வயலும் கமுகும் காடும் மேடுமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் ராதா நகரில் முடிகிறது. ஆகவே வேகத்தால் செய்ய வேண்டிய பரீட்சையை அவர் மேட்டினால் செய்வார். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லி, கைப்பிரேக்கில் வண்டி நிற்கிறதா என்று பார்ப்பார். மறுபடி கிளம்புகையில் தீய்ந்த வாடை வருகிறதா என்று மூக்கை உறிஞ்சுவார். நேரான துண்டு ஒன்று அகப்பட்டால், "கைய எடு தம்பி" என்று ஓட்டுகிறவனுக்கு உத்தரவாகும். கையை எடுத்ததும் வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கினால், டயரையும் அலைன்மென்ட்டையும் தாண்டி எங்கேயாவது முட்டி வாங்கிய பூர்வ கதை இருக்கிறதா என்ற விசாரணை தொடங்கிவிடும்.

நான் அவரை மெச்சுவது இதற்காக அல்ல. இவ்வளவும் புதுப்பேட்டையில் கற்றது, எவரும் கற்கலாம். தீவுக்கு வந்தபின், கற்றதில் பாதியை அவர் தலைகீழாகத் திருப்பிக்கொண்டார் பாருங்கள், அதுவே அவருடைய மேதை.

பன்னிரண்டு வயதான கார் முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று ஒருவன் சென்னையில் சொன்னால், மீட்டரைத் திருப்பியிருக்கிறான் என்று பச்சைக் குழந்தையும் சொல்லிவிடும். பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் வழவழப்பாகியிருக்கிறதா என்று பார்த்துத் திருட்டை நிரூபிக்கலாம். ஹேவ்லாக்கில் அந்தக் கணக்கு முழுக்க முழுக்க உண்மையாக இருக்கக்கூடும்! தீவின் இரு கோடிகளுக்கும் எத்தனை தடவைதான் போய்வர முடியும்? சென்னையிலிருந்து புதிதாக வந்து ஒரு ரிசார்ட்டில் மேனேஜரான இளைஞர், மீட்டரைப் பார்த்தவுடன் "பொய்!" என்று கூவியபோது, நம்மவர் அவரை ஒரு தந்தையின் வாத்ஸல்யத்தோடு தட்டிக்கொடுத்து, "மீட்டர் நெஜந்தான் சார். வண்டிதான் பொய்" என்றாராம்.

அந்த வாக்கின் தாத்பரியம் ஆழமானது. குறைந்த தூரமே ஓடும் இன்ஜின் முழுச் சூட்டை அடைவதற்குள் வீடு வந்துவிடுகிறது. உள்ளே குளிர்ந்து படியும் ஈரம் ஆவியாகிப் போக அவகாசமில்லாமல், ஆயிலோடு கலந்து மூடிக்கடியில் பால் ஏடாகத் திரண்டு நிற்கிறது. அதை ஊரில் கண்டால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று ஓட்டமெடுப்பார்கள். நம்மவரோ அதைத் துடைத்துவிட்டு, அடுத்தபடி ஆயில் குச்சியை இழுத்துப் பார்ப்பார். குச்சியிலும் பால் ஒட்டியிருந்து, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைந்திருந்தால்தான் அவர் முகம் மாறும். டயர் விஷயமும் இப்படித்தான். பூ ஆழமாயிருக்கிறதென்று விற்கிறவர் பெருமைப்படுவார், சட்டம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதுமென்கிறது, இங்கே அதைப்போல் மூன்று மடங்கு இருக்கும். பரீட்சகர் பூவைப் பார்ப்பதில்லை. பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைத் தேடுவார். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்த்தது. ஓடாமலேயே கிழப்பருவம் எய்திய ரப்பர், மழையில் பிரேக் போடும்போது தன் வயதைச் சொல்லும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கொட்டும் தீவில் அந்தச் சந்தர்ப்பத்துக்குப் பஞ்சமா?

எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு. ஆர்சி புத்தகத்தில் "ஒரே ஓனர்" என்றிருக்கலாம். ஹேவ்லாக்கில் ஓடிய எந்த வண்டிக்கும் கூட்டு உரிமையாளர் ஒருவர் உண்டு, அவர் கடல் என்பது நம்மவரின் சித்தாந்தம். காற்றிலே வரும் உப்பு இரும்பின்மேல் படிந்து, காற்றின் ஈரத்தைத் தானே உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத நாளிலும் துருவை வளர்க்கிறது; கராஜுக்குள் நிறுத்தி வைப்பதால் மட்டும் அது விட்டுவிடுவதில்லை. இரவு முழுதும் நின்ற வண்டியின் பிரேக் டிஸ்க்கில் காலையில் மெல்லிய செம்மை ஏறியிருக்கும். முதல் சில பிரேக்கில் கரகரவென்று தேய்ந்து போனால் அது தீவின் தர்மம்; போகாவிட்டால் வாங்குகிறவரின் கர்மம். வெளியே புதுப் பெயிண்ட் பளபளக்கும் கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துவாரங்கள் உண்டு. அவை அடைபட்டால் கதவு உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். அங்கே அவர் பழைய ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்தெடுத்த காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைப்பார். ஒட்டினால் தகரம், நழுவி விழுந்தால் பட்டி. காந்தம் விழும் ஓசையைவிடப் பெரிய அவமானம் ஒரு விற்பனையாளருக்குக் கிடையாது.

ஆகையினால்தான் பரீட்சையின் உச்சக் கட்டம் ராதா நகரில் நிகழ்கிறது. 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று புகழ்ந்த இடம் அது. தேசதேசாந்தரங்களிலிருந்து விமானமும் கப்பலும் ஏறி வந்தவர்கள், வெண்மணலில் நின்று சூரியாஸ்தமனத்தை நோக்கிக் கைபேசியை உயர்த்துகிறார்கள். நம் பரீட்சகர் வண்டி நிறுத்துமிடத்தில், முதலில் ஸ்டியரிங்கை ஒருபுறமாக முழுக்க ஒடித்து வட்டமடிக்கச் சொல்லி, முன் ஆக்ஸிலில் "டக் டக்" உண்டா என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த சிமென்ட் சாக்கை விரித்து, கடலுக்குக் கால் நீட்டி, காருக்கடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்துவிடுவார். டார்ச் வெளிச்சத்தில் தரைத் தகரம், ஜாக்கி வைக்குமிடம், பிரேக் பைப், சைலன்சர் ஒவ்வொன்றையும் ஸ்குருடிரைவரின் பிடியால் தட்டித் தட்டி நாதம் கேட்பார். அந்தப் புகழ்பெற்ற அஸ்தமனத்தை இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததேயில்லை என்பது அவருடைய மனைவியின் குற்றச்சாட்டு. பார்த்திருக்கிறாராம், பின் மட்கார்டில் இருந்த ஒரு துரு ஓட்டை வழியாக.

சென்னையிலிருந்து கப்பலேற்றி வந்த வண்டி என்றால் அவருக்கு இரட்டிப்புச் சந்தேகம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே மூழ்கிய கார்கள் எத்தனையோ. ஸீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பார்ப்பார். மெத்தையைக் கழுவியவர்களும் பெல்ட்டின் உட்சுற்றைக் கழுவ மறந்துவிடுவார்களாம். வண்டல் கோடு அங்கேயே குடியிருக்குமாம்.

இறுதியில் தீர்ப்பு. அது மூன்று விதம். "எடுக்கலாம்" என்றால் வாங்கலாம். "பார்க்கலாம்" என்றால் விலையைக் குறைக்கலாம். "பாவம்" என்று சொல்லிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தாரானால், வாங்குகிறவரைச் சொன்னாரா, விற்கிறவரைச் சொன்னாரா, காரைச் சொன்னாரா என்று கேட்கக்கூடாது. தட்சிணை என்று காசு வாங்கமாட்டார். இரண்டு டீ, ஒரு சமோசா, அவ்வளவே. ஆனால் பிற்காலத்தில் அந்த வண்டியில் நீங்கள் எதிர்ப்படும்போதெல்லாம் கையைக் காட்டி நிறுத்தி, பானெட்டில் கை வைத்துப் பார்க்கும் உரிமையை ஆயுள் பரியந்தம் அவர் எடுத்துக்கொள்வார்.

இவரிடம் ஒரே ஒரு குறை. காகிதம் என்பது குமாஸ்தாக்களின் சமாசாரம் என்று ஆர்சியைத் தொடவும் மாட்டார். ஆகையால் அந்த வேலையை நீங்களே செய்துகொள்ளுங்கள்: புத்தகத்திலுள்ள சேஸிஸ் எண்ணையும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணையும் எழுத்துக்கெழுத்து ஒப்பிடுங்கள், கடன் கொடுத்த பாங்கின் பெயர் இன்னும் அதில் இருந்தால் 35-ஆம் நம்பர் படிவம் இல்லாமல் நகராதீர்கள், வேறு மாநில வண்டியானால் 28-ஆம் நம்பர் படிவத்தில் தடையில்லாச் சான்று வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குமேல் தீவில் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும், பதினைந்து வருஷப் பதிவு எப்போது முடிகிறதென்றும் பாருங்கள். இவையெல்லாம் சரியாயிருந்த பிறகு, முதல் நாள் மாலையே 3-ஆம் நம்பருக்குப் போய் அவரிடம் சொல்லி வையுங்கள். மறக்காமல், வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாமென்று விற்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.