எலி கம்மியாத்தான் தின்னுச்சு

பேன்ட் இடுப்பில் ஏறாமல் போனதற்கு நான் பிடித்துவைத்திருக்கும் சாக்கு கொஞ்சம் உயர்தரமானது. 2004-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், ஜெஃப்ரி கார்டனின் ஆய்வுக்கூடம் வெளியிட்ட கட்டுரை. கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளுக்குள் சாதாரண எலியின் குடல் நுண்ணுயிர்களைக் குடியேற்றினார்கள். இரண்டே வாரத்தில் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடிவிட்டது. எலியால் செரிக்க முடியாததையும் அவை செரித்துச் சத்தாக்கிக் கொடுத்தன. போதாததற்கு, கொழுப்பு திசுக்களில் சேராமல் தடுக்கும் ஒரு புரதத்தையும் குடலில் அடக்கிவைத்தன.

"பாத்தியா, நான் சாப்பிடுறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அந்த எலிகள் முன்னைவிடக் குறைவாகவே தின்றன என்ற வரியையும் உற்சாகத்தில் சேர்த்து வாசித்துவிட்டேன்.

"எலி கம்மியா தின்னுச்சு, சரி. நீங்க?"

கையில் வாழைக்காய் பஜ்ஜி இருந்தது.

சரி, உள்ளே இருக்கும் குடித்தனக்காரர்களையாவது நன்றாகக் கவனிப்போம் என்று கிளம்பினேன். நார்ச்சத்தை உடைக்கும் நொதிகள் நம்மிடம் இல்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் அதைப் புளிக்கவைத்து அசிடேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு பியூட்டிரேட்தான் பிரதான எரிபொருள். கிருமியற்ற எலிகளில் அந்தச் செல்கள் பட்டினி கிடந்து தங்களையே தின்னத் தொடங்குகின்றன. பியூட்டிரேட் கொடுத்தால் தேறிவிடுகின்றன. படித்ததும் மனசு இளகிவிட்டது. ஒரே நாளில் காலை கொண்டைக்கடலைச் சுண்டல், மதியம் காராமணிக் குழம்பு, ராத்திரி கொள்ளு ரசம்.

புளித்தால் அமிலம் மட்டும் வராது, ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் சேர்ந்து வரும் என்பது அதற்கடுத்த பத்தியில் இருந்தது. மறுநாள் ஆபீஸ் மீட்டிங். ஏசி அறை, சாத்திய கதவு. ஆபத்து நெருங்கும்போதெல்லாம் நாற்காலியைத் தரையில் இழுத்துச் சத்தம் உண்டாக்கிக்கொண்டிருந்தேன். மேனேஜர் பேச்சை நிறுத்திவிட்டு, "ஏதாவது சொல்லணுமா சார்?" என்றார்.

அன்றோடு கொள்ளுக்கு முழுக்கு. சாப்பாட்டை மாற்றினால் சில நாளில் குடல் கூட்டமும் மாறும், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் அதுவும் பழையபடி ஆகிவிடும் என்று 2014-ல் மனிதர்களிடமே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் அன்று சாயங்காலமே பரோட்டாவுக்குத் திரும்பிவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். "உங்கள் உடம்பில் மனித செல் ஒன்று என்றால் பாக்டீரியா பத்து!" என்று முழங்கினேன். நல்ல கைதட்டல். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், அதை 2016-லயே மாத்திட்டாங்களே. பாக்டீரியா 38 லட்சம் கோடி, நம்ம செல் 30 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சமம்தான்" என்றாள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நல்லவேளை, சால்வையை முதலிலேயே போர்த்திவிட்டிருந்தார்கள்.