அடியும் முடியும் இரண்டாம் பாகமும்

திரைப்படங்களின் இரண்டாம் பாகத்தையும் முன்கதையையும் வைத்து நடக்கும் வாக்குவாதம் தமிழ்நாட்டில் நாற்பது ஆண்டுப் பழக்கம். 1979-இல் வந்த ‘கல்யாணராமன்’ படத்துக்கு 1985-இல் ‘ஜப்பானில் கல்யாணராமன்’ என்று தொடர்ச்சி வந்ததிலிருந்து கணக்கு வைக்கலாம். கமல்ஹாசன் ஏற்ற இரட்டையரில் அப்பாவி கல்யாணம் முதல் படத்திலேயே கொலையாகி ஆவியாகிவிட்டார். ஆவிக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை என்பதால் ஜப்பானுக்கும் வந்து சேர்ந்தார். தொடர்ச்சி எடுக்க ஆள் உயிரோடு இருக்க வேண்டியதில்லை, முதல் படம் ஓடியிருந்தால் போதும் என்ற விதி அன்றே உறுதியானது.

இந்த வாக்குவாதத்துக்குத் திருவண்ணாமலையைப் போலப் பொருத்தமான ஊர் வேறில்லை. யார் பெரியவர் என்று பிரம்மாவும் திருமாலும் மல்லுக்கட்ட, சிவன் நெருப்புத் தூணாக நின்று அடியையும் முடியையும் தேடவிட்ட தலம் இது. பன்றியாகி மண்ணைத் தோண்டிக்கொண்டு போன திருமாலை முன்கதைப் பிரியர் எனலாம்: இவன் ஏன் இப்படி ஆனான், வேர் எங்கே என்று கீழே கீழே போவார். அன்னமாகி மேலே பறந்த பிரம்மா இரண்டாம் பாகப் பிரியர்: அடுத்து என்ன, அதற்கும் அடுத்து என்ன. இருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. பிரம்மா முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூவின் வேலையை இப்போது, முதல் நாள் முதல் காட்சி முடிந்து தியேட்டர் வாசலில் மைக் முன் நிற்பவர் பார்க்கிறார். “செகண்ட் ஆஃப் வேற லெவல் ப்ரோ!” தாழம்பூ சிவபூஜையிலிருந்து விலக்கப்பட்டது. இவருக்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் மைக் நீட்டப்படும்.

வாதம் நடக்கும் இடம் பெரும்பாலும் கிரிவலப் பாதை. 14 கிலோமீட்டர், வெறுங்கால் நடை, மூன்று நான்கு மணி நேரம். ஒரு முழுநீளப் படத்தைக் காட்சிக்குக் காட்சி சொல்லி, காட்சிக்குக் காட்சி திட்டவும் சரியான அளவு. பௌர்ணமி இரவில் இந்திர லிங்கத்தருகே பக்தியோடு தொடங்கும் பேச்சு, எம லிங்கம் வருவதற்குள் சினிமாவுக்குத் தாவிவிடும். நிருதி லிங்கத்தைத் தாண்டியதும், சுக்குக் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய்மாமனும் மருமகனும் பேசுவது எல்லாப் பௌர்ணமியிலும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

“தொண்ணூத்தாறுலயே சேனாபதி தாத்தா, மாமா. நேதாஜி படையில இருந்தவரு. இப்ப வயசு என்ன ஆவும், நீங்களே சொல்லுங்க.”

“நூறத் தாண்டும்டா.”

“நூறத் தாண்டினவரு ஒத்தச் சக்கர வண்டில பறக்குறாரு.”

“வர்மம் தெரிஞ்சவருடா அவரு. இடைக்காட்டுச் சித்தர் இன்னும் இந்த மலைலதான் இருக்காருன்னா கன்னத்துல போட்டுக்கற இல்ல?”

“அவரு பைக் ஓட்டலியே மாமா.”

மாமன் பதில் சொல்லாமல் இன்னொரு சுக்குக் காப்பி கேட்பார். சேனாபதி தாத்தாவின் ‘இந்தியன்’ 1996-இல் வந்தபோது மாமனுக்கு இருபது வயது. கவுண்டரில் சட்டை கிழிய டிக்கெட் வாங்கியவர். மருமகனுக்கோ அது ஆகஸ்ட் 15 அன்று டிவியில் போடும் படம். ‘இந்தியன் 2’ 2024 ஜூலை 12 அன்று வெளியாகி, வந்த வேகத்தில் ஏறத்தாழ 12 நிமிடம் குறைக்கப்பட்டது. தமிழ் ரசிகரின் முணுமுணுப்பு எடிட்டிங் மேசைவரை எட்டிய அபூர்வத் தருணம் அது. வெட்டியது போதாது என்பது மருமகன் கட்சி. மாமன் கட்சிக்கு ஒரு நிமிடம்கூட வெட்டியிருக்கக் கூடாது. ஆனால் அவரும் முதல் பாகம்தான் உசத்தி என்பார். இயக்குநர் ஷங்கர் எத்தனை கோடி கொட்டினாலும் மாமனின் இருபது வயதை செட் போட்டு எடுக்க முடியாது. முதல் பாகத்தின் தரம் பற்றிய பேச்சில் முக்கால்வாசி, பேசுகிறவரின் அந்தக் கால இடுப்பளவு பற்றியது.

முன்கதையின் சங்கடம் வேறு. அஜித் நடித்த 2007 ‘பில்லா’வில் டான் டேவிட் பில்லா பாதியிலேயே செத்துப்போக, அவர் இடத்துக்கு வேலு வருகிறார். படம் ஓடிவிட்டது, பில்லாதான் வேண்டும் என்று கேட்கிறார்கள், ஆளோ காலி. கோட்டும் கூலிங் கிளாஸுமாக ஆவி வந்தால் எடுபடாது. ஆகவே பின்னால் போவதே வழி என்று 2012-இல் ‘பில்லா 2’ வந்தது: இலங்கை அகதியாக வந்து இறங்கிய ஓர் இளைஞன் டான் ஆன கதை. இதில் அவர் நெற்றிப்பொட்டில் துப்பாக்கியை வைத்தாலும் பின்வரிசை ரசிகர் பாப்கார்னிலிருந்து கையை எடுப்பதில்லை. அடுத்த படம் வரை இவருக்கு ஒன்றும் ஆகாது என்பது அவர் ஏற்கெனவே காசு கொடுத்துத் தெரிந்துகொண்ட விஷயம்.

முன்கதை என்பது ஹாலிவுட் சரக்கு என்று பேசுவோர் கிரிவலத்தில் உண்டு. 1977-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு முந்தைய கதையை 1999-இல்தான் எடுத்தார்கள். கல்கி அந்தக் காரியத்தை 1940-களிலேயே முடித்துவிட்டார். ‘பார்த்திபன் கனவு’ நாவலில் மூத்த சக்கரவர்த்தியாக வந்த நரசிம்மவர்மரை, பிறகு எழுதிய ‘சிவகாமியின் சபத’த்தில் இளவரசர் மாமல்லராக்கிக் காட்டினார். மாமல்லர் வாதாபியில் சாகமாட்டார் என்பது அத்தனை வாசகருக்கும் தெரியும். அப்படியும் பத்திரிகைக்குக் காத்துக் கிடந்தார்கள். அவர்கள் கவலையெல்லாம் நாட்டியக்காரி சிவகாமி என்ன ஆவாள் என்பது. முன்கதை எடுக்கும் இயக்குநர்கள் டான் எப்போது கோட்டு வாங்கினார் என்று ஆராய்வதை விட்டு இதைப் படித்துப் பார்க்கலாம்.

எண்ணிக்கை பற்றிய தகராறு தனி இலாகா. ராகவா லாரன்ஸின் ‘முனி’ 2007-இல் வந்தது. 2011-இல் வந்த ‘காஞ்சனா’ உண்மையில் முனியின் இரண்டாம் பாகம். அப்படியானால் ‘காஞ்சனா 2’ மூன்றாம் பாகம், ‘காஞ்சனா 3’ நான்காம் பாகம். பேய்க்குப் பயப்படாதவரும் இந்தக் கணக்குக்குப் பயப்படுவார். ‘அரண்மனை’ 2014 முதல் 2024 வரை நான்கு முறை வந்துவிட்டது, சுந்தர் சி. நிரந்தரக் குடியிருப்பு, பேய்கள் மட்டும் வாடகைக்கு. அவருடைய ‘கலகலப்பு 2’ படத்துக்கும் முதல் ‘கலகலப்பு’க்கும் கதையில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. லோகேஷ் கனகராஜின் 2022 ‘விக்ரம்’ படமோ ‘கைதி’யிலிருந்து போலீஸ்காரரையும், 1986 ‘விக்ரம்’ படத்திலிருந்து உளவாளியையும் அழைத்துக்கொண்டது. எது எதற்கு இரண்டாம் பாகம் என்று சொல்ல ஒரு தாளும் பேனாவும் வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பேரரசு இயக்கி அர்ஜுன் நடித்த ‘திருவண்ணாமலை’ 2008-இல் வந்தது, 2 வரவில்லை. திருப்பாச்சி, சிவகாசி, திருப்பதி, தர்மபுரி, பழனி என்று பேருந்து நிலைய அறிவிப்பு போலப் பெயர் வைத்துக்கொண்டே போனவர், எதற்கும் 2 போடாமல் அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். ரஜினியின் ‘அண்ணாமலை’ 1992, ‘அருணாச்சலம்’ 1997. சாமி ஒன்றே. முன்னவர் பால் கறந்து கோடீஸ்வரர் ஆனவர், பின்னவர் முப்பது நாளில் முப்பது கோடியைச் செலவழிக்கத் திண்டாடியவர். ஒன்றின் தொடர்ச்சி மற்றது என்று சொன்னால் மறுப்பது கடினம். ஆனாலும் தொடர்ச்சி கிடையாது.

நன்றாக வந்த இரண்டாம் பாகம் விவாதத்துக்கு ஆகாது. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார் என்று 2015 முதல் இரண்டு ஆண்டு நாடே பேசியது. 2017-இல் விடை கிடைத்தது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வராத இரண்டாம் பாகம்தான் எவராலும் குறை சொல்ல முடியாதது. 2018-இல் ‘வட சென்னை’ பார்த்தவர்கள் அடுத்த பாகத்தைத் தங்கள் மனத்திலேயே எடுத்து முடித்துவிட்டார்கள். அதில் லாஜிக் எங்கும் இடிக்கவில்லை, நீளமும் அளவு.

வாதத்தையே ஒழித்துக்கட்டியவர்கள் நடிகர் விக்ரமும் இயக்குநர் சு. அருண்குமாரும். 2025 மார்ச் 27 அன்று அவர்களுடைய ‘வீர தீர சூரன்: பாகம் 2’ வெளியானது. முதல் பாகம் அப்போது எடுக்கப்படவே இல்லை. ‘முதல் பாகம் மாதிரி வராது’ என்று அந்த ஒரு படத்தை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.