நீராடுவோர் இலக்கணம்

பாயிரம்

ஐரோப்பாவில் வெந்நீர் ஊற்றுக்கும் மருந்து நீருக்கும் பேர்போன 11 ஊர்களை, 7 நாடுகளிலிருந்து பொறுக்கியெடுத்து, யுனெஸ்கோ 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இங்கிலாந்தின் பாத், ஜெர்மனியின் பாடன்-பாடன், செக் நாட்டின் கார்லோவி வாரி எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டில் அந்தப் பந்தியில் உட்காரத் தகுந்த ஊர் என்று குற்றாலத்தைச் சொல்வார்கள். அது தென்காசி மாவட்டத்தோடு போயிற்று. தென்காசி 2019 நவம்பர் 22-இல் பிறந்தது, நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் 26-இல். பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி எல்லாம் நான்கு நாள் மூத்த பிள்ளைக்குப் பாகம் பிரிந்துவிட்ட பிறகு, இளையதற்கு என்ன மிஞ்சியது என்று கணக்கெடுப்பதே இந்நூலின் நோக்கம்.

நூலின் எல்லை: கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் காலை டீ குடித்துக் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தூரம். பயன்: ஞாயிற்றுக்கிழமை "எங்கதான் போறது?" என்று எழும் குடும்பச் சண்டை தணிதல். கற்கத் தகுந்தோர்: பெட்ரோல் போட்ட டூவீலர் உடையவர்.

நீர்நிலை இயல்

நீர் மூவகைப்படும்: நிற்பது, தேக்கியது, விழுவது.

நிற்பது ஏரி, குளம், குட்டை என மூன்று. இவற்றுள் ஏரிக்குப் பருவம் இரண்டு. கோடையில் அது கிரிக்கெட் மைதானம். அப்போது அதை ஏரி என்பது மரபு பற்றி. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்து, "ஏரி கோடி போவுது" என்று செய்தி வந்தால் ஊரே கரையில் நிற்கும். கோடி வழியும் இடத்தில் பார்க்க வேண்டும்: கெண்டை மீன் தண்ணீரை எதிர்த்து ஏறப்பார்க்கிறது, இந்தப் பக்கம் ஒரு பையனும் அந்தப் பக்கம் ஒரு பையனும் கொசுவலையை விரித்துப் பிடித்திருக்கிறார்கள், நடுவில் அப்பா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிடிக்கத் தெரிந்தவர்போல ஆணையிடுகிறார். இதற்கு டிக்கெட் இல்லை.

தேக்கியது இரண்டு: கோமுகி அணை, மணிமுக்தா அணை. கச்சிராயபாளையத்தை அடுத்து, மலையடிவாரத்தில் இருப்பது கோமுகி. அதன் முழு உயரம் 46 அடி. மழைக்காலத்தில் பாதுகாப்புக் கருதி 44 அடியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். மணிமுக்தா 36 அடி. கோமுகியைப் பார்க்கப் போகிறவர் தண்ணீரைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு மீன் வறுவலைப் பார்க்கிறார் என்பது ஒருசார் ஆசிரியர் கொள்கை. இரண்டையும் பார்க்கிறார் என்பதே பொருத்தம்.

கல்வராயன் மலையில் விழுவது பல: பெரியார், மேகம், கவியம், சிறுகலூர் முதலாயின. பெரியார் சாலையோரத்திலேயே விழுகிறது. வண்டியை நிறுத்தியதும் குளியல். மேகத்துக்கு நடக்க வேண்டும். ஆகவே முன்னதில் கூட்டமும் பின்னதில் முழங்கால் வலியும் மிகும். கல்வராயன் அருவிகளுக்குப் பொதுவிதி ஒன்றுண்டு: தண்ணீர் இல்லாத நாளில் குளிக்க முடியாது, தண்ணீர் பெருகிய நாளில் வனத்துறை விடாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில நாட்களே அருவிக்காலம். அந்நாட்களில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

கரியாலூர் படகுத்துறை இம்மூன்றிலும் அடங்காது. அங்கே குளிப்பதும் இல்லை, பாய்ச்சுவதும் இல்லை. காசு கொடுத்து, காலால் மிதித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வது அங்குள்ள தொழில்.

ஆடுவோர் இயல்

ஆடுவோர் ஐவகையர்.

முதலாமவர் முழுக்காளர். சட்டையைக் கழற்றும்போதே தண்ணீரில் இருப்பவர். இவர்க்கு "இன்னும் அஞ்சே நிமிஷம்மா" என்பது அரை மணிக்குக் குறையாத காலப்பெயர்.

இரண்டாமவர் கணுக்காலர். பேன்ட்டை இரண்டு மடிப்பு மடித்து, விளிம்பில் நின்று, "செம ஜில்லு" என்று தீர்ப்பளித்துவிட்டுத் திரும்புவர். ஊருக்குப் போய் அருவியைப் பற்றி அதிகம் பேசுபவர் இவரே.

மூன்றாமவர் கரைகாவலர். பெரும்பாலும் அம்மா, சில வேளை பாட்டி. மடியில் நான்கு செல்போன், இரண்டு மூக்குக்கண்ணாடி, ஒரு வாட்ச். பக்கத்தில் புளிசாதத் தூக்கு. கையில் குரங்கை விரட்ட ஒரு குச்சி. எல்லாரும் நனைய இவர் நனையார். "டேய், போதும் ஏறி வாடா, சளி புடிச்சிக்கும்" என்பது இவர் ஓயாமல் சொல்வது. சுற்றுலா என்று ஒன்று நடப்பதே இவர் நனையாமல் இருப்பதால்தான். ஆயினும் எந்தப் போட்டோவிலும் இவர் இரார்.

நான்காமவர் படம்பிடிப்போர். இவர்க்கு நீர் பின்னணி மட்டுமே. வழுக்குப் பாறையின் நுனியில் நிற்பதால் இவரைப் பிறர் கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாமவர் பாட்டிலர். மற்ற ஊர்களில் இவரைப் பற்றி நகைச்சுவையாக நாலு வரி எழுதலாம். இங்கே முடியாது. கருணாபுரம் என்ற பெயரை நாடு அறிந்தது 2024 ஜூனில். மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது. அதற்குப் பிறகும் பாறையில் உட்கார்ந்து குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்குபவரை எந்த வகையில் வைப்பது? அணை 46 அடி என்று முன்னே சொன்னோம். போதையில் இருப்பவர் மூழ்க அவ்வளவு தேவையில்லை, இடுப்பளவே போதும். அவர் உடைத்துப் போட்ட கண்ணாடி அடுத்த வாரம் முழுக்காளரின் உள்ளங்காலில் ஏறுகிறது.

உரிமை இயல்

நீர் யாருடையது எனின், ஆடுவோருடையது அன்று. கல்படை, பொட்டியம் முதலிய ஓடைகள் கொண்டுவரும் மலைத்தண்ணீர் கோமுகியில் சேர்கிறது. அணையை நம்பி 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் இருக்கிறது. நாம் அலையைப் பார்த்து மகிழ்கிற அதே நேரத்தில், மதகு எப்போது திறக்கும் என்று ஆயக்கட்டுக்காரர் கரை மேல் நின்று அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோமுகி மணிமுக்தாவோடு சேர்ந்து, மணிமுக்தா விருத்தாசலம் தாண்டி வெள்ளாற்றில் கலந்து, வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. மலையோடையில் கிழித்துப் போட்ட ஷாம்பு பாக்கெட் போவதற்கும் அதே வழிதான்.

மலைக்கும் உரியவர் உண்டு. கல்வராயன் 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அதன் பிறகே அரசு கைக்கு வந்தது. அங்கே தலைமுறைகளாகச் சாமை விளைவித்தும் கடுக்காய் பொறுக்கியும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். அவர்கள் இந்த ஐவகையில் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஓடை வீட்டுத் தண்ணீர். வழியோரம் தேன் விற்கும் அம்மாவிடம் பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்துவிட்டு, அதே ஓடையில் சோப்பு நுரையை விட்டுவிட்டு வருபவரை வகைப்படுத்த ஆறாவது பிரிவு ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் வைக்கும் வேலையை வாசகருக்கே விடுகிறோம்.

புறனடை

சொல்லாத நீர்நிலைகளையும் சொன்னவற்றின் வழியே கண்டுகொள்க. குற்றாலம் போக வசதியில்லை என்று வருந்த வேண்டாம். மழை பெய்த வாரத்தில் உங்கள் ஊர் ஏரியே போதும். போகுமுன் தண்ணீர் நிலவரத்தை விசாரியுங்கள். ஆழம் தெரியாத இடத்தில் இறங்க வேண்டுமென்றால் அந்த ஊர்க்காரரைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். கொண்டுபோன பாட்டிலையும் பாக்கெட்டையும் வீட்டுக்கே எடுத்து வாருங்கள். அடுத்த முறை செல்போன்களை நீங்கள் பிடித்துக்கொண்டு, அம்மாவைத் தண்ணீரில் இறங்கச் சொல்லுங்கள்.