அழுகாத மாம்பழம் வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஏற்றுமதிக் கடன் உறுதிக் கழகத்தார் (இ.சி.ஜி.சி.), அந்தேரி கிழக்கு, மும்பை.

மகாகனம் பொருந்திய ஐயா,

செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து வாஷி பழ மண்டிக்குப் போய்க் கணக்கெழுதும் தமிழன் எழுதிக்கொள்வது. கம்பெனி ஆபீஸ்களில் டைப் அடித்தே மாட்டுங்காவில் எங்கள் ஆட்களில் ஒரு தலைமுறை ஆளானது. ஆகவே படிவம் என்றால் எங்களுக்குப் பிறவியிலேயே பயபக்தி உண்டு.

1957இலிருந்து நீங்கள் ஏற்றுமதிக்காரருக்குக் காவல் நிற்கிறீர்கள். வெளிநாட்டில் சரக்கு வாங்கியவர் திவாலானாலும், அங்கே போர் மூண்டாலும், அந்த அரசு திடீரென்று இறக்குமதியைத் தடுத்தாலும் இழப்பீடு உண்டு. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. இத்தனை இருந்தும் பழ விவசாயிக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று ஏசி அரங்குகளில் பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள்.

சரி, விழித்தே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே உட்கார வைப்பீர்கள்? சரக்கு அனுப்புமுன் வாங்கும் பேக்கிங் கிரெடிட் கடன் கேட்டுப் போனால் வங்கி வெளிநாட்டு ஆர்டரோ எல்.சி. என்ற வங்கி உறுதிக் கடிதமோ கேட்கும், ஏற்றுமதி இறக்குமதிக்கான பத்து இலக்க ஐ.இ.சி. எண் கேட்கும். கொங்கணத்துத் தேவ்கட் மாந்தோட்டக்காரர் சட்டைப் பையில் இருப்பது தரகரிடம் முன்பணம் வாங்கிய துண்டுச் சீட்டு ஒன்றுதான். மாமரம் பூக்கும்போதே பழம் யாருக்கு என்று அதில் எழுதியாகிவிட்டது. விமானம் ஏறும்போது ஏற்றுமதிக்காரர் வேறொருவர். கடன் அவருக்கு, உங்கள் காப்பீட்டுப் பாலிசியும் அவர் பேரில்.

அந்தப் பாலிசியையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பொருளின் இயல்பால் வரும் நஷ்டம் சேராதாம். வாங்கியவர் தரம் சரியில்லை என்று தகராறு செய்தால் அதுவும் சேராதாம். மாம்பழத்தின் இயல்பு பழுப்பது, அப்புறம் அழுகுவது. இதை எந்தச் சட்டத்தாலும் திருத்த முடியாது. இரும்புக் குழாய்க்கு இந்தக் கெட்ட பழக்கம் இல்லை. கொட்டை சிறுத்த 'சிந்து' ரகத்தைத் தந்த கொங்கண் வேளாண் பல்கலைக்கழகத்தாரிடம், உங்கள் பாலிசிக்கு ஏற்ற எவர்சில்வர் ஹாபூஸ் (அல்போன்சா) ஒன்றும் கேட்டுப் பார்க்கலாம்.

2025 மே 8, 9 தேதிகளில் நவி மும்பையில் கதிர்வீச்சுச் சிகிச்சை செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய 15 மாம்பழச் சரக்குகள் நினைவிருக்கும். லாஸ் ஏஞ்சலீஸ், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா விமான நிலையங்களில் அமெரிக்க அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். கோளாறு பழத்தில் இல்லை, கூடப் போன படிவத்தில். திருப்பி எடுத்துக்கொள், இல்லையேல் அழி என்றார்கள். திரும்பக் கொண்டுவரும் செலவுக்கு அஞ்சி ஏற்றுமதிக்காரர்கள் அங்கேயே அழிக்க விட்டார்கள். நஷ்டம் ஏறத்தாழ 5 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது. உங்கள் பாலிசிக் கணக்கில் இது வணிக ஆபத்தா, அரசியல் ஆபத்தா? கெட்டுப்போவது படிவத்தின் இயல்பு என்று இன்னொரு விதிவிலக்கு எழுதிவிடுவீர்களோ என்றுதான் எனக்குக் கவலை.

விழிப்புணர்வு முகாம் மெதுவாக நடக்கட்டும். மார்ச் முதல் மே வரை வாஷி மண்டி வாசலில் ஒரு மேஜை போடுங்கள். பாலிசியை மராத்தியில் வாய்விட்டுப் படித்துச் சொல்ல ஓர் ஆளை உட்கார வையுங்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களைத் தேடிப்போய் அவர்கள் பேரிலேயே பாலிசி எழுதுங்கள். இழப்பீடு வந்தால் தோட்டக்காரருக்கு எத்தனை பங்கு என்று ஒரு வரி சேருங்கள். அடுத்த பூ பூப்பதற்குள் செய்துவிட்டால் உத்தமம்.

இப்படிக்கு,
வாஷி மண்டிக் கணக்குப்பிள்ளை,
செம்பூர்.