செல்லாக் காசுக்குப் பதிவுத் தபால்

மலேசியாவின் கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையே தபாலில் காசு மாற்றிக்கொள்ளும் சேகரிப்பாளர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தெரிந்துதான் அதைத் தலைகீழாகப் போடுகிறார்கள். 2008 ஏப்ரல் 1 முதல் கடைக்காரர்கள் ரொக்கத் தொகையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்குகிறார்கள். ஒரு சென் காசைச் சீண்டுவாரில்லை. அதே சென் இங்கே அட்டைச் சட்டத்துக்குள் ஏறி, கிலுங்காதபடி டேப் ஒட்டப்பட்டு, தன்னைவிடப் பலமடங்கு தபால் செலவில் மாப்பிள்ளை ஊர்வலம் போகிறது. கிரிஸ் கத்தி பொறித்த ஒரு ரிங்கிட் காசை, போலிகள் பெருகியதால் 2005 டிசம்பர் 7இல் செல்லாததாக்கினார்கள்; செல்லாத அந்தக் காசையும் "அசல்தானே?" என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

அரிதானதற்கு விலை உண்டே என்பார்கள். அப்படியானால் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானியர் அளவில்லாமல் அச்சடித்து, 1945இல் வெறும் காகிதமாகிவிட்ட வாழைமர நோட்டுக்கு ஏன் இத்தனை மவுசு? தோட்டத்து டிரங்குப் பெட்டிகளில் அதற்குப் பஞ்சமா? அரிதல்ல, ஆசைதான் விலை வைக்கிறது. அதில் தப்பில்லை, பங்குச் சந்தையும் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால், ஐயா, வெளிநாட்டு நண்பருக்கு அனுப்புமுன் தபால் நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்: காப்பீடில்லாத உறையில் நாணயம் வைப்பதை உலகத் தபால் ஒன்றியத்தின் உடன்படிக்கை பொதுவாகத் தடைசெய்கிறது.