மைனசுல போன மருமகன்

வா மருமகனே, உக்காரு. மூஞ்சி ஏன் மத்தியான வெயில்ல பூசணிக்கொடி மாதிரி தொங்குது? உங்க அத்தை சொன்னா, பேங்குக்காரன் உனக்குக் கடன் குடுத்துருக்கானாமுல்ல! நீ கேக்கல, அவனும் சொல்லல. ஜாமீன் கையெழுத்து இல்ல, நகை இல்ல, பத்திரம் இல்ல. ஒரு சோடி உழவு மாடு வாங்க நான் அந்தக் காலத்துல ஏழு நடை நடந்தேன். சிட்டா கொண்டா, அடங்கல் கொண்டான்னு செருப்பைத் தேய விட்டு, கடைசியில 'அடுத்த வருசம் பாக்கலாம் பெரியவரே'ன்னு அனுப்பி வெச்சாக. உனக்கு வீடு தேடி வந்து குடுத்துருக்காக. படிச்ச புள்ளைக்கு இருக்குற மரியாதையே தனிதான்.

எங்க, அந்தப் போனைக் காட்டு. ஏத்தா, என் கண்ணாடியை எடு. மைனஸ் 2,360. நாலு தடவை 590. 500 அபராதம், அதுக்கு மேல நூத்துக்குப் பதினெட்டு வீதம் 90 ரூபா ஜிஎஸ்டி. கையில காசில்லாம இருந்ததுக்கு அபராதம், அந்த அபராதத்துக்கு வரி. பரவால்ல மருமகனே, வேலையில்லாத காலத்துலயும் கவருமெண்டுக்கு வரி கட்டிருக்கே.

என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லட்டா? கோயம்புத்தூர்க் கம்பெனியில சேந்தப்ப உனக்குச் சம்பளக் கணக்கு தொறந்து குடுத்தாக. ஜீரோ பேலன்ஸ்னு சொன்னாக, நீயும் பல்லக் காட்டிக் கையெழுத்துப் போட்டே. சம்பளம் வந்த வரைக்கும் நீ புது மாப்ள. வேலையை விட்டுட்டு, கடைசி ரூபா வரைக்கும் வழிச்சு எடுத்துக்கிட்டு ஊருக்கு பஸ் ஏறிட்டே. மூணு மாசம் சம்பளம் வரலைன்னா பல பேங்குல அதைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கா மாத்திருவாக. அப்பயிருந்து நீ சாப்பிட்ட இலைக்குக் காசு. மாசச் சராசரி 10,000 இருக்கணும்.

சராசரின்னா என்னன்னு தெரியுமா? தெனமும் ராத்திரி கணக்குல நிக்கிற காசைக் கூட்டி, மாசத்துல இருக்குற நாளால வகுத்தா வர்றது. இப்பப் பாரு, உன் மொய் விருந்துக்கு 3 லட்சம் விழுந்துச்சுன்னு வை. ஒரே ஒரு நாள் அதைக் கணக்குல போட்டு மறுநாள் எடுத்தாலும், முப்பது நாள் மாசத்துக்குச் சராசரி 10,000 வந்துரும். மிச்ச 29 நாளும் கணக்கு காலியாக் கெடந்தாலும் பேங்குக்காரன் வாயைத் தொறக்க முடியாது. ஆனா 9,000 ரூபாயை மாசம் பூரா தொடாம வெச்சுக் காவல் காத்தே பாரு, உனக்கு அபராதம் உண்டு. இது எனக்கு முப்பது வருசம் மாட்டுத் தரகு பாத்த பெறகும் சிரிப்பாணியா வர்ற கணக்கு.

சரி, காசு போனதும் என்ன பண்ணுனே? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு முக்கா மணி நேரம் பாட்டுக் கேட்டியாமே. பெறகு ஒரு புள்ள வந்து, 'சிஸ்டம் ஆட்டோமேட்டிக்கா எடுத்துருச்சு சார்'னு சொன்னுச்சு. நீ வாள் வாள்னு கத்துனே. அது 'வேற ஏதாவது உதவி வேணுமா சார்'னு கேட்டு வெச்சுருச்சு. அடேய், உன் வெள்ளாமையில அடுத்தவன் மாடு மேஞ்சுட்டு, 'மாடு தானா மேஞ்சுருச்சுங்க'ன்னு மாட்டுக்காரன் சொன்னா விட்டுருவியா? கயித்தை அவுத்து விட்டவன் யாருன்னு கேப்பேல்ல? மாட்டைப் புடிச்சுப் பவுண்டுல அடைப்பேல்ல? சிஸ்டத்தையும் எவனோ ஒருத்தன்தான் அவுத்து விட்டுருக்கான். நீ மாட்டுகிட்டப் போய்ச் சண்டை போட்டுட்டு வந்துருக்கே.

கத்துறது ஓசி மருமகனே. அவுகளுக்கு அதுல ஒரு பைசா நட்டமில்ல. நீ கத்திட்டுக் களைச்சு, 'போகட்டும் போ, 590 ரூபாதானே, கணக்குல காசில்லைங்குறது நாலு பேருக்குத் தெரியவா போகுது'ன்னு துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டு வந்துருவே. அந்தக் கூச்சத்துலதான் அவுக வண்டி ஓடுது. 2024 ஜூலையில பார்லிமெண்டுலயே சொன்னாக: மினிமம் பேலன்ஸ் வெக்கலைன்னு அஞ்சு வருசத்துல பொதுத்துறை பேங்குக வசூல் பண்ணுனது கிட்டத்தட்ட 8,500 கோடி. இதுல தனியார் பேங்குக சேராது. எம் பேத்தி பேப்பரைப் படிச்சுக் காட்டுனப்ப, கோடிக்கு எத்தனை சைபர்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டேன்.

இப்பக் காதைக் குடு. சந்தையில மாட்டு வெலை எப்படிப் பேசுவோம்? துண்டைப் போட்டு மூடி, உள்ளுக்குள்ள விரலைப் புடிச்சுப் பேசுவோம். முடிச்ச வெலை முடிச்சதுதான். மறுநாள் வந்து 'வெலை சாஸ்தியாப் போச்சு'ன்னு அழுதா எந்தத் தரகனும் திரும்பிப் பாக்க மாட்டான். ஆனா பல்லைக் காட்டாம வித்துருந்தா, கெட்ட சுழியை மறைச்சுருந்தா, அப்பப் பஞ்சாயத்து நிக்கும். பேங்கும் அப்படித்தான். '10,000 ஏன் வெச்சே'ன்னு கேட்டா உன்னைத் தொரத்திருவாக. எவ்வளவு வெக்கணும்ங்குறதை பேங்கே முடிவு பண்ணிக்கலாம்னு ரிசர்வ் பேங்கு விட்டுருக்கு. 2025 ஆகஸ்டுல ஒரு பெரிய தனியார் பேங்கு, டவுனுல புதுசா கணக்கு தொறக்குறவனுக்கு 50,000 வேணும்னு சொல்லி, ஊரு சிரிச்சதும் சில நாள்லயே 15,000க்கு எறங்கி வந்துச்சு. எறக்குனது சிரிப்புதான், சட்டமில்ல. அதனால நீ வெலையைப் பத்திப் பேசாதே. சுழியைப் பத்திப் பேசு.

சுழி எங்க இருக்குன்னா, 2014 நவம்பர் 20ஆம் தேதி ரிசர்வ் பேங்கு சுற்றறிக்கையாப் போட்ட விதியில இருக்கு. 2015 ஏப்ரல்லயிருந்து அமலு. இருப்பு கொறைஞ்சா மொதல்ல கணக்குக்காரனுக்கு எஸ்எம்எஸ்ஸோ ஈமெயிலோ கடுதாசியோ விடணும். விட்ட தேதியிலயிருந்து ஒரு மாசத்துக்குள்ள நீ சரி பண்ணலைன்னாத்தான் அபராதம். அதுவும் எவ்வளவு கொறைஞ்சுச்சோ அந்த அளவுக்குத்தான். 200 ரூபா கொறைஞ்சவனையும் 9,000 கொறைஞ்சவனையும் ஒரே கயித்துல கட்டக் கூடாது. இன்னொன்னு இருக்கு, உனக்காகவே எழுதுனது. இந்த அபராதத்தைப் போட்டே சேமிப்புக் கணக்கை மைனசுல எறக்கக் கூடாது. உன் கணக்குல இருந்தது சைபர். சைபர்ல என்னத்தைடா எடுத்தான்? அதுக்கு நீ கத்தவே வேண்டாமே.

இரு, இரு. துள்ளாதே. அதுக்கு முந்தி ஒன்னு கேக்குறேன். ஊருக்கு வந்ததும் புது சிம்மு வாங்குனேல்ல, பேங்குல நம்பரை மாத்துனியா? இல்லையா? ஏன் தலையைச் சொறியுறே? அப்ப அவன் அனுப்புன எஸ்எம்எஸ்ஸை இப்ப எவனோ ஒருத்தன் படிச்சு உனக்காக வருத்தப்பட்டுக்கிட்டு இருப்பான். அதனால 'எனக்குத் தகவலே வரல'ன்னு மொட்டையா எழுதாதே. பழைய நம்பருக்குப் போன தேதியை எடுத்துக் காட்டி உன் மனு மொத்தத்தையும் மடக்கிருவாக. 'எந்தத் தேதியில, எந்த நம்பருக்கு அனுப்புனீங்க'ன்னு கேளு. கேள்வி கேட்டவன் தோக்குறதில்ல. மைனஸ் சங்கதிக்கு மட்டும் அவுககிட்டப் பதில் கெடையாது. அதை மொத வரியில போடு. அவுக தப்பை உரிமையாக் கேளு, உந் தப்பைப் பணிவாக் கேளு. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல கலந்தேன்னு வை, பழைய சோத்துல பாயசத்தை ஊத்துன மாதிரி ஆயிரும்.

உங்க அத்தை கதை தெரியுமா? 2023 செப்டம்பர் 15ல மகளிர் உரிமைத் தொகை மொதத் தவணை 1,000 ரூபா வந்துச்சுல்ல. ஊரே சிரிச்சுக்கிட்டு இருக்கு, இவ மட்டும் மூக்கைச் சிந்திக்கிட்டு வந்து நிக்கிறா. என்னடான்னா பழைய மினிமம் பேலன்ஸ் பாக்கின்னு பேங்கு கழிச்சுக்கிச்சு. தமிழ்நாடு பூரா அப்படி நெறைய நடந்துச்சு. நிதியமைச்சர் தங்கம் தென்னரசே அந்தக் காசுல பேங்குக கை வெக்கக் கூடாதுன்னு அறிக்கை விட்டாரு, 1100க்குப் போன் பண்ணச் சொன்னாரு.

நான் போன் பண்ணல. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, சம்பள நாளாப் பாத்துக் கூட்டமா இருக்கையில மேனேசர் மேசைக்குப் போனேன். 'அய்யா, எனக்குக் கண்ணு செத்த மங்கல், இந்தப் பாஸ்புக்கைக் கொஞ்சம் சத்தமாப் படிச்சுச் சொல்லுங்க'ன்னேன். அவரும் நல்ல மனுசன், படிச்சாரு. '1,000 ரூபா வரவு, உரிமைத் தொகை'ன்னாரு. 'கும்பிடுறேன் சாமி, அடுத்த வரி'ன்னேன். கொரலு எறங்கிருச்சு. 'சத்தமாய்யா, காதும் மந்தம்'னேன். வரிசையில நின்ன பொம்பளைக அம்புட்டுப் பேரும் அவுகவுக பாஸ்புக்கைத் தொறந்து பாக்க ஆரம்பிச்சாக. பெறகு மடியிலயிருந்து பேத்தி எழுதிக் குடுத்த மனுவை ரெண்டு படியா எடுத்து வெச்சு, 'ஒன்னுல சீல் வெச்சுக் குடுங்க சாமி, வீட்டுல நம்ப மாட்டாக'ன்னேன். சீலைக் குத்துனாரு. எட்டு நாள்ல காசு திரும்பி வந்துச்சு. என் காதுக்கும் கண்ணுக்கும் ஒரு கேடும் இல்லைங்குறது உனக்குத் தெரியும், அவருக்குத் தெரிய வேண்டாம்.

அந்தச் சீல்தான் மருமகனே சூட்சுமம். மொய் நோட்டுல ஏறாத மொய்யை எவன் திருப்பிச் செய்வான்? நீ வாயால சொன்னதெல்லாம் பந்தல்ல காத்தோட போன மொய்யி. எழுதிக் குடு. கணக்கு நம்பரு, எந்தெந்தத் தேதியில எவ்வளவு எடுத்தாக, அபராதமும் அதுக்குப் போட்ட ஜிஎஸ்டியும் சேத்து 2,360 தள்ளுபடி பண்ணணும், அம்புட்டுதான். உன் குடும்பக் கஷ்டம், கம்பெனிக்காரன் பண்ணுன அநியாயம், எதுவும் அதுல வேண்டாம். 'அன்னை மண்ணின் மைந்தனாகிய நான்'னு ஆரம்பிச்சே, நானே கிழிச்சுருவேன். போனுல அனுப்புனா அந்தப் புகார் நம்பரை எழுதி வெச்சுக்க. சில பேங்குல மைனஸ் காட்டாம 'ஹோல்டு'ன்னு போட்டு வெச்சு, நாளைக்குக் காசு விழுந்ததும் கவ்வுவாக; அப்படி ஏதாவது இருந்தா எந்த விதிப்படின்னு அதையும் எழுதிக் கேளு.

முப்பது நாள் பாரு. பதில் வரலைன்னாலோ, வந்த பதிலு வழவழான்னு இருந்தாலோ, புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்கு ஓம்புட்ஸ்மேன்கிட்டப் போகலாம். அந்தப் பேரு என் வாயில நுழைய மூணு நாள் ஆச்சு. வெப்சைட்டுல போடலாம், இல்ல சண்டிகருக்குத் தபால்ல அனுப்பலாம். வெவரம் கேக்க 14448. காசு கெடையாது. அவுக திட்டப்படி வக்கீலு மூலமா வர்ற மனுவை எடுத்துக்கவே மாட்டாக. வக்கீலுக்கே காசு போயிருந்தாத்தான் அவரு வரலாம். உங்க வக்கீல் சித்தப்பனுக்கு இதைச் சொல்லாதே, வருமானம் போச்சேன்னு மனசு ஒடஞ்சுருவான். ஆனா மொதல்ல பேங்குகிட்ட எழுதிக் கேக்காம நேரா அங்க போனா மனுவைத் தள்ளிருவாக. அதுக்கும் அந்தச் சீலு வெச்ச காகிதம்தான் வேணும்.

காசு திரும்பி வந்துச்சுன்னா அதோட விட்டுராதே. அந்தக் கணக்கு வேணுமா வேண்டாமா? வேண்டாம்னா மூடு, மூடுனதுக்குச் சீட்டு வாங்கு. வேணும்னா 'அடிப்படைச் சேமிப்புக் கணக்கா மாத்திக் குடுங்க'ன்னு எழுதிக் கேளு. அதுக்கு மினிமம் பேலன்ஸே கெடையாது, ஆனா அதே பேங்குல இன்னொரு சேமிப்புக் கணக்கு வெச்சுக்க முடியாது. ஸ்டேட் பேங்கு 2020லயே மினிமம் பேலன்ஸைத் தூக்கிப் போட்டுருச்சு. கனரா பேங்கு 2025 ஜூன்ல, பஞ்சாப் நேசனலும் நம்ம இந்தியன் பேங்கும் ஜூலையில. உங்க அண்ணன் ஒசூருல ஒரு கணக்கை அஞ்சு வருசமாத் தொடாம வெச்சுருக்கானே, அவனுக்கும் சொல்லு: ரெண்டு வருசம் கணக்குக்காரன் வரவுசெலவு பண்ணாத கணக்கு செயல்படாத கணக்கு, 2024 ஏப்ரல்லயிருந்து அதுல இந்த அபராதம் போடக் கூடாது. பேங்கே எடுத்துக்கிட்டது வரவுசெலவுல சேராது.

எங்க கெளம்புறே? இன்னைக்கு வெள்ளி, மணி அஞ்சு. நாளைக்கு ரெண்டாஞ்சனி, பேங்கு லீவு. திங்கக்கிழமை காலையில போ. போகும்போது பேனா கொண்டு போ; அங்க இருக்குற பேனாவை நூலுல கட்டி வெச்சுருப்பாக, அதுல மையும் இருக்காது.