கரோனர் கணக்கு

சந்தேக மரணங்களை விசாரிக்க 1194-லேயே இங்கிலாந்தில் ‘கரோனர்’ பதவி வந்துவிட்டதாமே! குடிமக்கள் மீது மன்னருக்கு அத்தனை பாசமா?

பாசம் கஜானா மீது! தற்கொலை செய்துகொண்டவரின் உடைமை மன்னருக்கு. வண்டி ஏறி ஆள் செத்தால், அந்த வண்டியோ அதன் விலையோ மன்னருக்கு. இதையெல்லாம் எழுதி வைப்பதுதான் கரோனரின் முக்கிய வேலை. ரயில் வந்தது, விபத்துகளுக்குக் கரோனரின் ஜூரிகள் ரயில் கம்பெனிகளிடம் பெருந்தொகை கறக்கத் தொடங்கினார்கள். 1846-ல், ஆளைக் கொன்ற வண்டியை மன்னருக்குப் பறிக்கும் அந்தப் பழைய வழக்கம் ஒழிந்தது. இழப்பீடு, இறந்தவரின் குடும்பத்துக்கே போகவேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டில்தான் பிறந்தது. அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த நியாயம் அது.

கரோனர் ஆக என்ன படிக்கவேண்டும்?

அமெரிக்காவில் பல கவுன்ட்டிகளில் வாக்காளர் மனதைப் படித்தால் போதும்! அது தேர்தல் பதவி. மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை. நியூயார்க் நகரம் 1918-ல் இந்த முறையைக் கைவிட்டு, டாக்டர் சார்லஸ் நாரிஸைத் தலைமை மருத்துவப் பரிசோதகராக அமர்த்தியது. மதுவிலக்குக் காலத்தில், அரசு உத்தரவுப்படி நஞ்சு கலக்கப்பட்ட ஆல்கஹாலைக் குடித்து ஏழைகள் சாவதைப் பகிரங்கமாகக் கண்டித்தவர் அவர். அதுவும் நகர அரசின் பதவியில் இருந்துகொண்டே!